உயிர் போனது வீட்டில்தான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். ஒன்றை எழுதிக்கொண்டு போகும்போது இன்னொன்று ஞாபகம் வரும், அதன் பின்னால் போய்விடுவேன். திரும்பி வரும்போது விட்ட இடம் மறந்திருக்கும். போன வாரம் மகளுக்குக் கல்யாணமான மாசத்தையே தப்பாக எழுதிவிட்டேன் என்று அவள் போன் போட்டுக் கோவித்துக்கொண்டாள். படிக்கிறவங்க பொறுத்துக்குங்க. இந்த வாரம் எழுதப்போவதைத்தான் மறக்க முடியவில்லை. மறந்திருந்தால் நன்றாகத் தூங்குவேன்.

கேட்டுக்கு முன்னால்

வெள்ளகோவில் பக்கம் என் கொழுந்தனார் வீடு. அந்த வீட்டு கேட்டுக்கு முன்னால் எங்கள் வேன் வந்து நிற்கிறது. இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே பின்சீட்டில் எங்கள் வீட்டுக்காரர் கிடக்கிறாங்க. அன்றைக்குக் காலையில் கஞ்சி குடித்தவங்க. இப்போது உயிர் இல்லை. வண்டி குலுங்கும்போது ஆடாமல் இருக்கட்டும் என்று வழி முழுக்க அவுங்க காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வந்தேன்.

கொழுந்தனார் ஓடி வந்தார். அழுத முகம். பொய் அழுகை என்று சொல்ல மாட்டேன். வந்தவர் வண்டியின் முன்னால் நின்று கையை நீட்டினார்.

"ஏனுங்க டிரைவர், அங்கயே நிறுத்துங்க. உள்ள வேண்டாமுங்க."

சன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவது.

"நங்கை, தப்பா நெனைக்காதீங்க. வெளியில போன உசிரை ஊட்டுக்குள்ள கொண்டாற வழக்கமில்லீங்க. வேப்பமரத்தடியில பெஞ்சு போட்டிருக்குது. அங்க கெடத்திக்கலாம்."

வெளியில போன உசிர். அதைத்தான் நான் இத்தனை வருசமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

அவுங்க பிறந்தது அந்த வீட்டில். நான் மாலையோடு வந்து இறங்கியதும் அந்த வீட்டில். பாகம் பிரித்தபோது வீடு தம்பிக்கு, கரட்டோரம் ஒரு துண்டு பூமி அண்ணனுக்கு என்று பேசி முடித்தார்கள். துண்டு பூமியில் கிணறு வற்றியது. நாங்கள் திருப்பூர் போனோம். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அந்த வீட்டு ஆசாரத்தில், அதுதான் முன்கூடத்தில், கொஞ்ச நேரம் அவுங்களைக் கிடத்த வேண்டும். வெளியில் அனாதையாகச் செத்தவர் மாதிரி மரத்தடியில் கிடக்கக் கூடாது.

கை காட்டினால் நிற்காத வேன்

அந்த வேனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் அது. எங்கள் வீட்டுக்காரர்தான் டிரைவர். விடியுமுன்னே கிளம்பி ஊர் ஊராகப் போய் ஹாரன் அடிப்பாங்க. பிள்ளைகள் டிபன் டப்பாவோடு ஓடி வந்து ஏறும். நானும் அதே கம்பெனியில் பிசிறு வெட்டினேன். தைத்து வருகிற பனியனில் தொங்குகிற நூலை வெட்டுகிற வேலை. கம்பெனி புது பஸ் எடுத்தபோது இந்த வேனைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார்கள். அவுங்க கேட்டு வாங்கிக்கொண்டாங்க.

வாடகைக்கு இருந்த லைன் வீட்டை இடித்து டெய்லரிங் யூனிட் கட்டப்போகிறோம் என்று வீட்டுக்காரம்மா சொன்ன மாசம் அது. வேறு வீடு தேடித் தேடிக் கால் ஓய்ந்த பிறகு ஒருநாள் அவுங்க சொன்னாங்க.

"ஏம்புள்ள, எதுக்கு இன்னொருத்தன் வாசப்படியில போயி நிக்கோணும். இதுலயே இருந்துக்கலாம்."

சீட்டுகளைக் கழற்றினாங்க. பின்னால் நீள சீட்டை மட்டும் விட்டு, அதோடு பலகை சேர்த்துக் கட்டில் ஆக்கினாங்க. கம்பெனியில் கழிக்கிற துண்டுத் துணியை அடைத்து நான் மெத்தை தைத்தேன். ஸ்கிரீனும் பனியன் துணிதான். அதில் என்னமோ இங்கிலீசில் அச்சடித்திருக்கும். படிக்கட்டுப் பக்கம் ஸ்டவ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாமி படம். படிக்குக் கீழே செருப்பு விடுகிற இடம். செருப்போடு உள்ளே வந்தால் நான் திட்டுவேன்.

வெளியில் கம்பெனிப் பேரை அழித்தாலும் எழுத்தின் தடம் போகவில்லை. அதனால் ரோட்டில் போகும்போது ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் எல்லாம் கை காட்டுவார்கள். நிறுத்தாமல் போனால் கரித்துக் கொட்டுவார்கள். ஒருநாள் ஒருத்தி ஓடி வந்து ஏறியே விட்டாள். உள்ளே நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன்.

"என்னக்கா, சீட்டையெல்லாம் காணம்?"

"இது எங்க ஊடுங்க, கண்ணு."

அவள் சிரிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். இறங்கும்போது தலைவாசலைப் பார்ப்பது மாதிரி படியைப் பார்த்துக் குனிந்து இறங்கினாள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது என் கொழுந்தனாருக்குத் தெரியவில்லை.

தீக்காலம்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் சரணாலயம். போர்டில் தேசியப் பூங்கா என்று எழுதியிருக்கும். நாங்கள் காடு என்போம். பனி விட்டு வெயில் ஏறுகிற காலத்திலிருந்து மழை இறங்குகிற வரைக்கும் அங்கே தீக்காவலுக்கு ஆள் எடுப்பார்கள். மழைக்காலத்தில் திருப்பூரில் ஏதாவது குடோன் ஓரத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டு பிசிறு வெட்டுவேன். தீக்காலம் வந்தால் காட்டுக்குப் போய்விடுவோம். இப்படியே சில வருசம் ஓடியது.

வேலை சாதாரணம்தான். காட்டுக்குள் ரோடு மாதிரி நீளமாகப் புல்லையும் முள்ளையும் வெட்டி, சருகைக் கூட்டித் தள்ளி மண் தெரிய வைக்க வேண்டும். ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கம் தாண்டாது. அதைத் தீக்கோடு என்பார்கள். ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் கூட்டுவோம். அப்புறம் பாறை மேல் மாற்றி மாற்றி உட்கார்ந்து எங்காவது புகை எழுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டுக்குள்ளே வாசலைக் கூட்டுகிற மாதிரி கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு போனது.

செக்போஸ்ட்டுக்கு உள்ளே, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டி போட இடம் கொடுத்தார்கள். எங்களுக்கு அடுத்தாற்போல் தகரக் கொட்டகையில் ஆரோக்கியமும் அவள் புருசன் செல்வராசும் இருந்தார்கள். தெற்கத்திக்காரர்கள். பிழைக்கத் திருப்பூர் வந்து, சாயப்பட்டறைத் தண்ணி கைக்கு ஒத்துக்காமல் இங்கே வந்தவர்கள். செல்வராசு தண்ணி லாரி ஓட்டுவார். ஆரோக்கியத்துக்குச் செக்போஸ்ட் வேலை. உள்ளே வருகிற வண்டியை நிறுத்தி, "தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் எல்லாம் இங்கன வச்சிட்டுப் போங்க" என்று வாங்கி வைப்பாள். யாருக்கும் பயப்பட மாட்டாள். நான் ஆள் வந்தால் ஸ்கிரீனுக்குப் பின்னால் போகிறவள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் வண்டியையும் சுற்றிப் பார்ப்பார்கள். ஒருநாள் கோயமுத்தூர் காரிலிருந்து ஒரு அம்மா இறங்கி, சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எவ்வளவு நல்லாருக்கு, எனக்கெல்லாம் ஒரு வாரமாவது இப்படி இருக்கணும்னு ஆசை" என்றார். எங்கள் வீட்டுக்காரர் வெளியில் கால் கழுவிக்கொண்டிருந்தாங்க.

"இருக்கலாமுங்களே. பொறவு திரும்பிப் போறதுக்கு ஒரு ஊடு இருந்தா இதுவும் நல்லாத்தான் இருக்குமுங்க."

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவுங்க மரியாதையாகச் சொன்ன மாதிரிதான் இருக்கும். உள்ளே முள் இருக்கும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

ஆனையும் வரும். வண்டியின் பின்பக்கம் வந்து முதுகைத் தேய்க்கும். உள்ளே பாத்திரம் எல்லாம் குலுங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது போனதும் அவுங்க, "உன்ற அப்பன் ஊட்டுச் சொந்தம் வந்துட்டுப் போவுது" என்பாங்க.

அந்தக் காலை

விடியுமுன்னே தீக்கோட்டுக்குப் போய், வெயில் ஏறிய பிறகு வந்தாங்க. செருப்பைப் படிக்குக் கீழே விட்டாங்க. கஞ்சி குடித்தாங்க. நெஞ்சு என்னமோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கட்டிலில் படுத்தாங்க. நான் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெயிலு மூஞ்சியில அடிக்குது. அந்த ஸ்கிரீனை இழுத்து உடு புள்ள."

எழுந்து இழுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது கண் திறந்தபடி இருந்தது. கூப்பிட்டேன். தொட்டேன். ஆரோக்கியத்தைக் கூப்பிட எனக்குச் சத்தம் வரவில்லை. சொம்பை எடுத்து வண்டித் தகரத்தில் தட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. தன் வீட்டில், தன் கட்டிலில், கஞ்சி குடித்து, பெண்டாட்டியிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாங்க. வேறு எப்படிப் போனால்தான் வீட்டில் போனதாகும்?

காட்டுக்குள் எரிக்க விட மாட்டார்கள். சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும். செல்வராசு எங்கள் வண்டியையே எடுத்தார். ஆரோக்கியம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாராபுரம் வழியாகப் போனோம். வழியில் ஒரு ஸ்டாப்பில் இரண்டு பேர் கை காட்டினார்கள்.

"சக்கரம் இருக்குதல்ல?"

இனி கேட்டுக்கு வருகிறேன்.

கொழுந்தனார் மரத்தடி என்றதும் நான் வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில் ஆண்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

"வெளியில போகலீங்க. ஊட்டுலதானுங்க போனாங்க."

"எந்த ஊட்டுல, நங்கை?"

"எங்கூட்டுல."

சுற்றி நின்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருத்தர், வழக்கம் எல்லாம் அவரைத்தான் கேட்பார்கள், கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். நல்ல மனுசர்தான். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, உசிரு போறப்ப வண்டி ஓடிட்டு இருந்துச்சா, நின்னுட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டுத்தானுங்க. தீக்காலத்துக்கு வந்து நிறுத்துனதுங்க. நகத்தவே இல்லீங்க."

"அடுப்பு அதுலதான் எரியுதா?"

"ஆமாங்க. செருப்பைக் கழட்டி வெளிய உட்டுட்டுத்தானுங்க உள்ள வருவோம்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"சக்கரம் இருக்குதல்ல?"

"இருக்குதுங்க."

"அப்ப அது வண்டிதானம்மா."

பின்னால் ஒருத்தன், "சக்கரத்தைக் கழட்டிக் கல்லு மேல வெச்சிருந்தா ஊட்டுக் கணக்குல வந்திருக்குமுங்க" என்றான். எழவு வீட்டிலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆரோக்கியம் வண்டியை விட்டு இறங்கினாள்.

"ஏங்க, இந்த ஊருல சக்கரத்துக்குத்தான் மரியாதையா? அந்த மனுசன் அதுலதான குடும்பம் நடத்துனாவ?"

"நீ யாரும்மா?" என்றார் பெரியவர்.

"நானா? அவிய பக்கத்து வீட்டுக்காரி."

அவள் சொன்னது என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி சொல்லி என்ன ஆகப்போகிறது? மரத்தடியில் பெஞ்சில் கிடத்தினார்கள். நாலு பக்கமும் வேட்டி கட்டி மறைத்தார்கள். மகள் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆசாரத்துக்குள் ஓடித் தேடிவிட்டு, "அப்பா எங்கம்மா?" என்று வெளியில் வந்தாள். அந்தக் கேள்விக்கு நான் மரத்தைக் காட்டினேன்.

பொழுது இறங்குமுன்னே எடுத்துவிட்டார்கள்.

விளக்குக்கு மட்டும்

குளித்துவிட்டு வந்தபின் விளக்குப் பேச்சு வந்தது. உயிர் போன இடத்தில் அகல் ஏற்றி, பக்கத்தில் தண்ணி வைத்து, கருமாதி முடிகிற வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

"விளக்கு எங்கீங்க வெக்கறது? இங்க வெச்சா எங்கூட்டுல எழவு உழுந்த மாதிரி ஆயிருமுங்க" என்றாள் கொழுந்தனார் பெண்டாட்டி.

"உசிரு போன எடத்துலதான்" என்றார் பெரியவர். "வண்டிக்குள்ள வெச்சிருங்க."

உடம்புக்கு அது வெளியாக இருந்தது. விளக்குக்கு அது வீடாகிவிட்டது. எனக்கு அப்போதே கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

கொழுந்தனாரே ஒரு படி அரிசி மேல் அகலை வைத்து, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு வந்து வண்டிக்குள் ஏற்றினார். "அணையாம பாத்துக்குங்க நங்கை. அண்ணனுக்கு வழி இருட்டாயிரக் கூடாது" என்று விம்மினார். செருப்பைக் கழற்றாமல்தான் ஏறினார்.

மகள் என்னைக் கூட வரச் சொன்னாள். அவளுக்கு லைன் வீட்டில் ஒரே ரூம். எழவு விளக்கை வைக்க அங்கே யார் விடுவார்கள்? நான் மறுநாள் காட்டுக்கே கிளம்பினேன். வழி முழுக்க முதல் நாள் கால் பிடித்த கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். செல்வராசு மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார்.

செக்போஸ்ட்டில் ஆரோக்கியம் இறங்கினாள். எல்லாரிடமும் தீப்பெட்டி கேட்கிறவள், எரிகிற விளக்கோடு வந்த வண்டிக்கு அவளே தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காட்டிலாகா வனவர் சாயங்காலம் வந்தார். சின்ன வயசுக்காரர். துக்கம் கேட்டார். அப்புறம் விளக்கைப் பார்த்தார்.

"அம்மா, நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காத்தைப் பாருங்க. வண்டியைச் சுத்திச் சருகு. உள்ள பூரா துணி. நீங்க பாறைக்குக் காவலுக்குப் போனா இதை யார் பாக்கறது?"

"கருமாதி வரைக்குமுங்க, சாமி."

"அப்ப அது வரைக்கும் வண்டியை வெளிய ரோட்டோரம் போட்டுக்கறீங்களா? விளக்கு முடிஞ்சதும் உள்ள வந்துருங்க. இடம் அப்படியே இருக்கும்."

அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது நியாயம். விளக்கு வேண்டுமென்றால் வெளியில் போக வேண்டும். உள்ளே இருக்க வேண்டுமென்றால் விளக்கு கூடாது.

வெளியில் என்று அவர் சொன்னதும் எனக்குக் கொழுந்தனார் நீட்டிய கைதான் கண்ணில் வந்தது. அவுங்க உயிர் போன இடத்திலிருந்து வீட்டை நகர்த்தி ரோட்டோரத்தில் போட்டு, அங்கே விளக்கு எரித்தால், அது உயிர் போன இடமா? அப்புறம் அவுங்க வெளியில்தான் போனாங்க என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

"ஊதி அமத்திரலாமாம்மா?" என்றார் வனவர்.

"வாயால ஊதக் கூடாதுங்க. நானே பாத்துக்கறேன்."

செவ்வந்திப் பூ ஒன்றை எடுத்து, திரியை எண்ணெய்க்குள் அழுத்தினேன். கொஞ்சம் புகைந்தது. காட்டில் அந்த நேரத்தில் புகை எழுந்தால் எங்கிருந்து என்று தேடி ஓடுகிற மனுசர் அவுங்க. இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவுங்களே அமத்தியிருப்பாங்க. இப்படிச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறியது என்று சொல்ல முடியாது.

மறுநாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தீக்கோட்டுக்குப் போனேன்.

கருமாதியன்று

விளக்கு அணைந்த சேதி எனக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தது. கொழுந்தனார் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"விளக்கை நீங்களே அணைச்சீங்களாமா, நங்கை?"

"ஆமாங்க."

"எதுக்குங்க? ஒரு ஊடுன்னா விளக்குக்கூடவா நிக்காது?"

நான் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

"எங்கூட்டுல தீக்காலத்துல விளக்கு வெக்கற வழக்கமில்லீங்க."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வழக்கம் என்றதும் திரும்பி, பந்திக்கு நேரமாச்சு என்றார். இலை போட்டார்கள், சாப்பிட்டோம்.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. அந்தப் பக்கத்தில் எந்த விசேசத்திலும் அவுங்க பேச்சு வந்தால் "பாவம், வெளியில போனவரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண் யாரிடமோ அப்படித்தான் சொன்னாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

இதில் எனக்குச் சந்தேகமானதும் உண்டு. மரம் வேம்பா புங்கா என்று மகள் வேறு மாதிரி சொல்கிறாள். தீக்கோடு வெட்டத் தொடங்குவது தையிலா மாசியிலா என்று காட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். செல்வராசும் ஆரோக்கியமும் தெற்கே ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால் நான் விட்டதைச் சொல்லச் சொல்லுங்கள். ஊர் வழக்கத்தை எழுதியதில் தப்பு இருந்தால் என் கொழுந்தனாரிடமே கூடக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம், அவருக்கு எல்லாம் தெரியும். உயிர் எங்கே போனது என்பதை மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம். அப்போது பக்கத்தில் இருந்தது நான்.